காலம் காட்டும் கல்

ஸ்படிகம் என்றவுடன் நமக்கு ஜபமாலை நினைவுக்கு வரும். அல்லது தஞ்சாவூரை அடுத்த வல்லத்தில் கிடைத்த கல்லை இழைத்து நம் பெரியோர்கள் அணிந்துவந்த மூக்குக் கண்ணாடி நினைவுக்கு வரும். குளிர்ந்த கல், தெளிந்த கல் என்பதற்குமேல் அதைப் பற்றி நம்மில் பலர் சிந்தித்ததில்லை. ஆனால் இன்று நம்மில் பெரும்பாலோர் கையில் கட்டியிருக்கும் கடிகாரத்தை நடத்துவது அந்தக் கல்தான். செல்போனிலும், கம்ப்யூட்டரிலும், வானொலி நிலையத்திலும், ஆகாய விமானத்திலும் அதே கல் இருக்கிறது. மேல்நாட்டார் அதைக் குவார்ட்ஸ் என்று அழைக்கிறார்கள். அது தன் வேலையை ஒரு கணம் நிறுத்தினாலும் இந்த யந்திரங்கள் அனைத்தும் ஊமையாகிவிடும்.

இக்கல்லின் வரலாறு விஞ்ஞானிகளுக்கு மட்டும் உரியதன்று. ராஜ்ய விவகாரங்களில் சிரத்தை உள்ளவர்களும் அதை அறிந்திருக்க வேண்டும். இரண்டாவது மகா யுத்தத்தில் அமெரிக்கப் படைகளின் டாங்கிகள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டது இக்கல்லின் துணையால். ஸ்விட்ஜர்லாந்தில் பல்லாயிரக் கணக்கான கடிகாரத் தொழிலாளர்கள் பிழைப்பை இழந்ததற்கும் இதுவே முக்கிய காரணமாயிற்று. குவார்ட்ஸ் கிடைப்பதற்கரிய பொருளும் அல்ல. கடற்கரை மணலில் பெரும்பகுதி அதுதான். எனவே கல் யாரிடம் இருந்தது என்பதைக்காட்டிலும், கல்லின் குணத்தை யார் அறிந்திருந்தார்கள் என்பதே இந்த வெற்றி தோல்விகளை நிர்ணயித்தது.

அழுத்தினால் மின்சாரம்

1880-ம் வருஷத்தில் பாரிஸ் நகரில் ஜாக் க்யூரி, பியேர் க்யூரி என்ற இரு சகோதரர்கள் ஒரு விந்தையைக் கண்டார்கள். ரேடியத்தைக் கண்டுபிடித்த தம்பதிகளில் ஒருவராகப் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற அதே பியேர் க்யூரிதான் இவர்களில் இளையவர். குவார்ட்ஸ் முதலிய சில ஸ்படிகங்களைக் குறிப்பிட்ட திசையில் வில்லைகளாக அறுத்து அழுத்தினால், வில்லையின் ஒரு முகத்தில் நேர் மின்சாரமும் மறு முகத்தில் எதிர் மின்சாரமும் தோன்றின. அழுத்தத்தை நீக்கினால் மின்சாரமும் மறைந்தது. மறு வருஷமே காப்ரியேல் லிப்மான் என்ற அறிஞர், அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் கல்லுக்கு மின்சாரத்தைக் கொடுத்தால் அது உருவத்தில் மாறத்தான் வேண்டும் என்று கணித பூர்வமாக எடுத்துக் காட்டினார். சகோதரர்கள் சோதித்துப் பார்த்தார்கள், அப்படியே நடந்தது. மாற்றம் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிது. ஆனால் அது பொய்க்கவில்லை.

இதற்குக் காரணம் என்ன? குவார்ட்ஸ் என்பது ஸிலிக்கன் என்ற மூலப்பொருளும் பிராணவாயுவும் சேர்ந்த கூட்டு. ஸிலிக்கன் அணுக்கள் நேர் மின்சாரமும் பிராணவாயு அணுக்கள் எதிர் மின்சாரமும் ஓரளவு தாங்கி நிற்கின்றன. கல் சும்மா கிடக்கும்போது இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொள்வதால் வெளியில் ஒன்றும் தெரிவதில்லை. அழுத்தினால் அந்த அணு வரிசை சற்றே கோணுகிறது. நேர் மின்சாரத்தின் மையம் ஒரு பக்கமும் எதிர் மின்சாரத்தின் மையம் மறுபக்கமும் நகர்கின்றன. அந்த விலகலே வில்லையின் முகங்களில் மின்சாரமாக வெளிப்படுகிறது. அதே குவார்ட்ஸை உருக்கிக் கண்ணாடியாக்கிவிட்டால் பொருள் மாறுவதில்லை. அணுக்களின் ஒழுங்கு மட்டும் குலைந்துபோகிறது. உடனே இந்தச் சக்தியும் போய்விடுகிறது. சக்தி பொருளில் இல்லை, ஒழுங்கில் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அத்தாட்சி வேண்டியதில்லை.

ஊஞ்சலின் நியாயம்

வானொலி நிலையம் ஒலிபரப்ப வேண்டுமானால், விநாடிக்கு லட்சக்கணக்கான முறை இங்குமங்கும் ஆடும் மின்சாரம் அதற்கு வேண்டும். அத்தகைய ஆட்டத்தை உண்டாக்கும் மின்சுற்றுக்கே ஆஸிலேட்டர் என்று பெயர். ஒரு விநாடிக்கு எத்தனை ஆட்டம் என்பது அதிர்வெண்.

ஆஸிலேட்டரின் தத்துவத்தை விளங்கிக்கொள்ள ஊஞ்சலைப் பார்த்தால் போதும். ஊஞ்சலை ஒருமுறை ஆட்டிவிட்டால் அது தனக்கென்று அமைந்த நிதானத்தில் ஆடிக் கொஞ்சங் கொஞ்சமாக ஓய்ந்துவிடும். ஓயாமல் ஆட வேண்டுமானால் பின்னால் ஒருவர் நின்று தள்ளிக்கொண்டிருக்க வேண்டும். அவர் தள்ளுவதில் இரண்டு நியதிகள் உண்டு. முதலாவது, ஒவ்வொரு ஆட்டத்திலும் ஊஞ்சல் இழக்கும் வேகத்தை ஈடு செய்யும் அளவுக்காவது தள்ள வேண்டும். இரண்டாவது, சமயம் பார்த்துத் தள்ள வேண்டும். ஊஞ்சல் எதிர்த்து வரும்போது தள்ளினால் அது நின்றுவிடும். மின்சுற்றிலும் இதே கதைதான். முற்காலத்தில் வால்வும் இக்காலத்தில் டிரான்ஸிஸ்டரும் தள்ளுகிறவரின் வேலையைச் செய்கின்றன. இவ்விரு நியதிகளையும் மின்சார பாஷையில் வரையறுத்துச் சொன்னவர் பார்க்ஹாஸன் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி.

ஆரம்ப காலத்து ரேடியோவில் ஊஞ்சலாக இருந்தவை கம்பிச்சுருளும் கண்டென்ஸரும். மின்சாரம் சுருளுக்கும் கண்டென்ஸருக்குமாக மாறி மாறி ஓடி ஆடும். ஆனால் இது தளர்ந்த ஊஞ்சல். ஒருமுறை தள்ளிவிட்டால் நூறு ஆட்டத்திற்குள் ஓய்ந்துவிடும். அதனால் தள்ளுகிறவரின் கை எப்போதும் அதன்மேல் இருந்துகொண்டே இருக்கும். ஊஞ்சலின் போக்கைவிடத் தள்ளுகிறவரின் போக்கே மேலோங்கிவிடும். வால்வு சூடேறினால் அதிர்வெண் மாறும். மின்சாரத்தின் அழுத்தம் குறைந்தால் மாறும். பக்கத்தில் கையைக் கொண்டுபோனால்கூட மாறும். நிலையங்கள் பெருகப் பெருக, தன் இடத்தைவிட்டு நகரும் ஒரு நிலையம் அண்டை நிலையத்தின்மேல் ஏறிவிடும் அபாயமும் பெருகிற்று.

கல் மின்சுற்றில் ஏறியது

முதல் மகா யுத்தத்தில் ஜெர்மனியின் நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டுபிடிக்க வேண்டிய அவசியம் நேச நாடுகளுக்கு ஏற்பட்டது. பிரான்ஸில் பால் லான்ஷெவான் என்ற விஞ்ஞானி, எஃகுத் தகடுகளுக்கிடையே குவார்ட்ஸை வைத்து மின்சாரத்தால் அதிரச் செய்து, நீருக்குள் காதுக்கெட்டாத ஒலியை அனுப்பினார். அமெரிக்காவில் அதே ஆராய்ச்சியில் ஈடுபட்டவர்களில் வெஸ்லியன் சர்வகலாசாலையைச் சேர்ந்த வால்ட்டர் கேடி ஒருவர். ஸ்படிக வில்லை தன் இயற்கையான அதிர்வெண்ணில் அதிரும்போது மின்சுற்றையும் அந்த அதிர்வெண்ணுக்கே கட்டிப்போடுவதை அவர் கவனித்தார். 1921-ல் குவார்ட்ஸ் ஆளும் முதல் ஆஸிலேட்டரை அமைத்தவர் அவரே. இரண்டு வருஷத்துக்குள் ஹார்வர்டு சர்வகலாசாலையின் ஜார்ஜ் வாஷிங்டன் பியர்ஸ் அதை ஒரே வால்வில் அடங்கும்படி எளிதாக்கினார். பியர்ஸின் அந்த அமைப்பே சிறு மாறுதல்களுடன் இன்றைய கடிகாரங்களிலும் கம்ப்யூட்டர்களிலும் இருக்கிறது.

அந்த அமைப்பில் கல் செய்யும் வேலையைச் சற்று விரிவாகப் பார்ப்போம். மெல்லிய குவார்ட்ஸ் வில்லையின் இரு முகங்களிலும் உலோகப் பூச்சு இட்டுக் கம்பிகளை இணைக்கிறார்கள். மின்சாரம் வந்தால் வில்லை நெளிகிறது. நெளிந்த வில்லை மீளும்போது மின்சாரத்தைத் திருப்பித் தருகிறது. வெளியில் இருந்து பார்க்கும் மின்சுற்றுக்குக் கல் என்று ஒன்று தெரிவதில்லை. மிக உயர்ந்த ஒரு கம்பிச்சுருளும் மிக நுண்ணிய ஒரு கண்டென்ஸரும் இருப்பதாகவே தோன்றுகிறது. கைக்கடிகாரத்திலுள்ள ஒரு சிறு குவார்ட்ஸ் துண்டு, பல ஆயிரம் ஹென்றி அளவுள்ள கம்பிச்சுருளுக்குச் சமானம். அத்தகைய சுருளைச் செப்புக் கம்பியால் சுற்றி யாரும் கையில் கட்டிக்கொள்ள முடியாது.

கல்லின் பெரிய சிறப்பு அது எளிதில் ஓயாமை. கம்பிச்சுருளின் ஆட்டம் நூறுக்குள் அடங்கிவிடுமானால், குவார்ட்ஸின் ஆட்டம் தள்ளுவார் இல்லாமலே ஆயிரக் கணக்கிலும் பதினாயிரக் கணக்கிலும் தொடரும். ஆகையால் தள்ளுகிறவருக்கு இங்கே அதிக வேலை இல்லை, அதிகாரமும் இல்லை. வால்வோ டிரான்ஸிஸ்டரோ உஷ்ணத்தினால் சற்றுத் தாமதித்துத் தள்ளினாலும், கல் தன் அதிர்வெண்ணைப் பத்து லட்சத்தில் ஓரிரு பங்கு அசைத்து அந்தத் தாமதத்தைச் சரிக்கட்டிவிடுகிறது. கம்பிச்சுருள் அதே தாமதத்துக்காக ஆயிரத்தில் சில பங்கு நகர வேண்டியிருக்கும். கல்லின் உறுதி என்று நாம் சொல்வது இந்த வித்தியாசத்தைத்தான்.

பியர்ஸின் அமைப்பில் பெருக்கி ஒன்று, கல் ஒன்று, கண்டென்ஸர்கள் இரண்டு. பெருக்கிக்குள் செல்லும் மின் அலை வெளியே வரும்போது பெரிதாகிறது, ஆனால் தலைகீழாகிவிடுகிறது. தலைகீழான அலையை அப்படியே திருப்பிக் கொடுத்தால் ஆட்டம் நின்றுவிடும். கல்லும் இரு கண்டென்ஸர்களும் சேர்ந்து அந்த அலையை மற்றொரு முறை தலைகீழாக்கி நேராக்குகின்றன. அவை இவ்வாறு செய்வது ஒரே ஒரு அதிர்வெண்ணில்தான். மற்ற எந்த ஆட்டமும் சமயம் தவறித் தள்ளப்பட்டு மடிந்துபோகிறது. அந்தக் கண்டென்ஸர்களின் அளவும் முக்கியம். அவற்றைச் சற்றுக் கூட்டினால் அதிர்வெண் சிறிது குறையும். குறைத்தால் சிறிது ஏறும். கல் செய்பவர் குறித்துக் கொடுத்த அளவை மதியாமல் கண்டென்ஸர் போட்டால், நல்ல கல்லும் தவறான நேரத்தைக் காட்டும்.

முதலில் இந்த ஆட்டத்தைத் தொடங்கி வைப்பது யார் என்ற கேள்வி எழலாம். யாரும் வேண்டியதில்லை. எந்தக் கம்பியிலும், எந்த வால்விலும் உஷ்ணத்தின் காரணமாக மின்சாரச் சலசலப்பு ஒன்று ஓயாது இருந்துகொண்டே இருக்கிறது. அதில் எல்லா அதிர்வெண்களும் கலந்திருக்கின்றன. கல் தனக்கு உரியதை மட்டும் பொறுக்கி எடுத்துப் பெருக்கியிடம் கொடுக்கிறது. பெருக்கி அதை வளர்த்துக் கல்லிடம் திருப்பித் தருகிறது. இப்படிச் சுற்றிச் சுற்றி வளர்ந்து, பெருக்கியின் சக்தி முடியும் எல்லையில் ஆட்டம் நிலைத்து நிற்கிறது. எளிதில் ஓயாத கல் எளிதில் கிளம்புவதும் இல்லை. கைக்கடிகாரத்துக் கல் முழு வீச்சில் ஆடுவதற்கு அரை விநாடி, ஒரு விநாடிகூட ஆகலாம். அவசரப்பட்டு அதிக மின்சாரத்தைக் கொடுத்தால் சிறிய கல் உடைந்தே போய்விடும்.

வெட்டும் கோணம்

கல்லின் அதிர்வெண் அதன் கனத்தைப் பொறுத்தது. வானொலிக்கு வழக்கமாகப் பயன்படும் வெட்டில், ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள வில்லை விநாடிக்கு ஏறக்குறைய 16 லட்சத்து 60 ஆயிரம் முறை அதிரும். விநாடிக்கு ஒரு கோடி அதிர்வு வேண்டுமானால், வில்லையை மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்காக இழைக்க வேண்டும்.

கனத்தைப் போலவே வெட்டும் திசையும் முக்கியம். குவார்ட்ஸின் குணம் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒரு திசையில் வெட்டிய வில்லை உஷ்ணம் ஏறினால் வேகம் குறையும். வேறு திசையில் வெட்டியது வேகம் கூடும். அப்படியானால் இடையில் ஏதோ ஒரு கோணத்தில் கூடுவதும் குறைவதும் ஒன்றையொன்று அடித்துவிட வேண்டும் அல்லவா? அந்தக் கோணத்தை ஜப்பானில் இஸ்ஸாக் கோகா என்ற பேராசிரியரும் அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிச் சாலையினரும் 1930-களில் தேடிக் கண்டார்கள். ஸ்படிகத்தின் அச்சிலிருந்து ஏறக்குறைய 35¼ டிகிரி சாய்த்து வெட்டினால், சாதாரண உஷ்ண மாறுதல்களில் அதிர்வெண் பத்து லட்சத்தில் சில பங்குக்கு மேல் நகர்வதில்லை. கோணம் ஒரு டிகிரியில் சிறு பின்னம் தவறினாலும் பலன் கெட்டுவிடும். அதே கல், அதே அரம். அறிந்து வெட்டுவதற்கும் அறியாமல் வெட்டுவதற்கும் உள்ள தூரம் அவ்வளவுதான்.

யுத்தமும் ஸ்படிகமும்

இரண்டாவது மகா யுத்தம் தொடங்கிய 1939-ல் அமெரிக்கா முழுவதிலும் ஏறக்குறைய ஒரு லட்சம் ஸ்படிகங்களே செய்யப்பட்டன. பெரும்பாலும் சிறு பட்டறைகளில், கையால் இழைத்துச் செய்யும் தொழிலாகவே அது இருந்தது. அந்த நிலைமையில் ராணுவத்தார் தங்கள் வாகன ரேடியோக்களை ஸ்படிகத்தின் ஆளுகையில் வைப்பதென்று தீர்மானித்தார்கள். குலுங்கி ஓடும் டாங்கிக்குள் உட்கார்ந்து, குண்டு விழும் சமயத்தில், குமிழைத் திருகி நிலையத்தைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. பொத்தானை அழுத்தியவுடன் சொல் போய்ச் சேர வேண்டும். ஒரு டாங்கி ரேடியோவின் ஒலிபரப்பியுடன் வைத்த பெட்டியில் மட்டும் 80 ஸ்படிகங்கள் இருந்தன. தேவை கோடிக் கணக்கில் ஏறிற்று.

கல்லுக்கு எங்கே போவது? குவார்ட்ஸ் உலகெங்கும் உண்டு. ஆனால் ரேடியோவுக்கு ஏற்ற, பெரிய, மாசற்ற, உள்ளே இரட்டை வளர்ச்சி இல்லாத ஸ்படிகம் அன்று ஏறக்குறைய முழுவதும் பிரேஸில் நாட்டிலிருந்தே கிடைத்தது. நேச நாடுகளும் அச்சு நாடுகளும் அதற்காகப் போட்டியிட்டன. 1942-ல் பிரேஸில் நேச நாடுகளுடன் சேர்ந்தது அமெரிக்காவுக்கு அனுகூலமாயிற்று. வந்த கல்லிலும் ஒரு சிறு பங்கே வில்லையாகத் தேறியது.

நியூயார்க்கில் ஒரு தொழிற்சாலையில் 1943-ல் எடுத்த ‘கிரிஸ்டல்ஸ் கோ டு வார்’ என்ற படத்தில் அந்த வேலையை இன்றும் காணலாம். கல்லை எண்ணெய்த் தொட்டியில் வைத்து விசேஷ ஒளியால் உள்குற்றம் பார்ப்பதும், எக்ஸ்ரே கொண்டு கோணம் குறிப்பதும், வைரம் பதித்த ரம்பத்தால் அறுப்பதும், தேய்ப்பதும், அளப்பதும் வரிசையாக நடக்கின்றன. வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பென்ஸில்வேனியாவில் கார்லைல் என்ற சிற்றூர் இத்தொழிலின் கேந்திரங்களில் ஒன்றாயிற்று.

இவ்வளவு பாடுபட்டும் ஒரு பெரிய ஆபத்து நேர்ந்தது. சோதித்துச் சரியென்று அனுப்பிய ஸ்படிகங்கள் யுத்த களத்துக்குப் போய்ச் சேருவதற்குள் அதிர்வெண் ஏறிக்கொண்டே போயின; பல அடியோடு மௌனமாகிவிட்டன. பேசாத ரேடியோவை வைத்துக்கொண்டு படை நடத்த முடியாது. காரணத்தை ஆராய்ந்தபோது, தேய்ப்பதனால் வில்லையின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் உண்டாவதும், காற்றின் ஈரம் அவற்றில் புகுந்து நுண்துகள்களை உதிர்ப்பதும் தெரியவந்தது. துகள் உதிர உதிர வில்லை மெலிந்தது. மெலிய மெலிய அதிர்வெண் ஏறிற்று. கடைசி நிலையில் தேய்ப்பதைக் கைவிட்டு, அமிலக் கரைசலால் அந்தச் சிதைந்த தோலைக் கரைத்தெடுத்து அதிர்வெண்ணைச் சரிசெய்யும் முறை வந்த பிறகே நிலைமை சீர்ப்பட்டது. ராணுவத்தின் அவசரம் எவ்வளவு பெரிதாயினும், கல்லின் இயல்பைக் கண்டறியாமல் குறுக்கு வழியில் அதை வேலை வாங்க முடியவில்லை.

வளர்த்த கல்

வேற்று நாட்டுச் சுரங்கத்தை நம்பி ஒரு படை நிற்பது எவ்வளவு அபாயம் என்பதை யுத்தம் காட்டிவிட்டது. பூமிக்குள் வெந்நீரும் அழுத்தமும் யுகக்கணக்கில் செய்யும் வேலையை ஆலையில் செய்ய முடியுமா என்ற ஆராய்ச்சி மும்முரமாயிற்று. இத்தாலியில் ஸ்பேத்ஸியா என்பவர் இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் முதற் பத்து ஆண்டுகளிலேயே சிறு அளவில் குவார்ட்ஸை வளர்த்துக் காட்டியிருந்தார். ஜெர்மனியில் நாக்கன் என்பவர் யுத்த காலத்தில் அதை மேலே கொண்டு சென்றார். 1950-ஐ ஒட்டி பெல் ஆராய்ச்சிச் சாலையினர் அதை வியாபார அளவில் நடத்தும் முறையை வகுத்துவிட்டார்கள்.

கனத்த எஃகுக் கொப்பரையின் அடியில் குவார்ட்ஸ் துண்டுகள். மேலே கம்பியில் தொங்கும் மெல்லிய விதை வில்லைகள். இடையே காரம் கலந்த நீர். 350 டிகிரியை ஒட்டிய உஷ்ணமும் காற்றழுத்தத்தைப்போல் ஆயிரம் மடங்குக்கு மேற்பட்ட அழுத்தமும் கொடுத்தால் அடியிலுள்ள கல் கரைகிறது. சற்றே குளிர்ந்த மேற்பகுதியில் விதையின்மேல் படிகிறது. வாரக் கணக்கில் காத்திருந்தால் மாசற்ற, இரட்டை வளர்ச்சி இல்லாத, வேண்டிய அளவான கட்டிகள் கிடைக்கின்றன. 1970-களுக்குள் மின்னணுத் தொழிலில் பயன்படும் குவார்ட்ஸ் ஏறக்குறைய முழுவதும் இப்படி வளர்த்ததாகவே ஆகிவிட்டது. கரைப்பதற்கு மாத்திரம் இயற்கைக் கல்லின் துண்டு இன்னும் வேண்டும். அதில் பெரிய ஸ்படிகத்தின் அருமை இல்லை. பிரேஸிலுக்கு இருந்த ஏகபோகம் அத்துடன் முடிந்தது.

கடிகாரத் தொழிலில் நேர்ந்த புரட்சி

ஸ்படிகத்தை ஆட்டிப் பார்த்து எண்ணினால் அதுவே கடிகாரம். 1927-ல் பெல் ஆராய்ச்சிச் சாலையில் வாரன் மாரிஸனும் ஹார்ட்டனும் முதல் குவார்ட்ஸ் கடிகாரத்தைச் செய்தார்கள். வால்வுகள் நிறைந்த அந்தப் பெரிய யந்திரம் கைக்கு இறங்கி வர 42 வருஷம் ஆயிற்று. 1969-ம் வருஷம் டிசம்பர் 25-ந் தேதி ஜப்பானின் ஸெய்கோ கம்பெனியார் அஸ்ட்ரான் என்ற முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். விலை நாலரை லட்சம் யென்.

இன்றைய கைக்கடிகாரத்தில் உள்ள கல், இசைவாணர் சுருதி கூட்டும் கவைக்கோல் வடிவில் வெட்டப்பட்டது. அதன் உறை அரிசிமணியைவிடச் சற்றே பெரிது. அது விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இந்த எண்ணில் மர்மம் ஏதும் இல்லை. இரண்டை 15 முறை பெருக்கினால் வரும் தொகை அது. மின்சுற்று அதை 15 முறை பாதியாக்கினால் விநாடிக்கு ஒன்று மிஞ்சுகிறது. அந்த ஒன்று முள்ளை ஒரு விநாடி நகர்த்துகிறது. நல்ல சாவிக் கடிகாரம் நாளொன்றுக்குப் பல விநாடி தவறும். மலிவான குவார்ட்ஸ் கடிகாரம் மாதத்துக்கு ஏறக்குறைய 15 விநாடி தவறினாலே அதிகம்.

இந்த வித்தையை ஸ்விட்ஜர்லாந்து அறியாமல் இருந்ததா என்றால் அதுவும் இல்லை. அந்நாட்டுக் கடிகார முதலாளிகள் கூடி நூஷாடெல் நகரில் நிறுவிய ஆராய்ச்சிச் சாலை, 1967-லேயே குவார்ட்ஸ் கைக்கடிகார மாதிரிகளைச் செய்து முடித்திருந்தது. ஆனால் தலைமுறை தலைமுறையாகச் சக்கரமும் வில்லும் செய்து புகழ் பெற்றவர்களுக்குக் கல்லை நம்ப மனம் வரவில்லை. 1970-ல் ஏறக்குறைய 90 ஆயிரம் பேருக்குச் சோறு போட்ட அத்தொழிலில், 1980-களின் மத்தியில் சுமார் 30 ஆயிரம் பேரே எஞ்சினார்கள். நாணய மாற்று விகிதமும் உலக வியாபார மந்தமும் அதற்குத் துணைக் காரணங்கள். 1983-ல் ஸ்வாட்ச் என்ற மலிவான குவார்ட்ஸ் கடிகாரத்தைக் கொண்டு அவர்கள் மறுபடி தலை தூக்கினார்கள். வேலை போனவர்களில் பெரும்பாலோருக்கு அது காலங்கடந்த உதவியாயிற்று.

நம் நாட்டிலும் இக்கதையின் ஓர் அத்தியாயம் நடந்தது. ஜப்பானின் ஸிடிஸன் கம்பெனியின் உதவியுடன் 1961-ல் பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கிய ஹெச்.எம்.டி., ஒரு தலைமுறைக்கு இந்தியாவின் நேரம் காட்டும் கையாக விளங்கிற்று. குவார்ட்ஸ் கடிகாரத்தை அதுவும் செய்தது; ஆனால் அதன் பலம் சாவிக் கடிகாரத்திலேயே இருந்தது. 1984-ல் தமிழ்நாட்டு அரசாங்கத்தின் தொழில் வளர்ச்சிக் கழகமும் டாட்டாவும் கூட்டாகத் தொடங்கிய டைட்டன், ஓசூரில் ஆலை அமைத்துக் குவார்ட்ஸையே நம்பிக் கடைவீதிக்கு வந்தது. அதன்பின் சந்தை யார் பக்கம் சாய்ந்தது என்பதை நாடறியும். 2016-ல் மத்திய அரசாங்கம் ஹெச்.எம்.டி. கடிகாரப் பிரிவை மூடத் தீர்மானித்தது. நிர்வாகக் கோளாறு முதலிய பல காரணங்களும் அதற்கு உண்டு. எனினும் தொழிலின் அடிப்படை மாறும் காலத்தில் பழைய புகழைக் கட்டிக்கொண்டு நிற்பவரைக் காலம் காத்திருந்து அழைத்துச் செல்வதில்லை.

கல்லுக்கும் எல்லை உண்டு

குவார்ட்ஸைக் குற்றமற்றதென்று சொல்வது உண்மையாகாது. கவைக்கோல் வடிவக் கல் 25 டிகிரி உஷ்ணத்தில் அதிக வேகமாக ஆடும். அதற்கு மேலும் கீழும் வேகம் குறையும். கோடையில் 40 டிகிரி உஷ்ணத்தில் மேஜைமேல் கழற்றி வைத்த கடிகாரம் நாளொன்றுக்கு அரை விநாடிக்குச் சற்று அதிகமாகப் பின்தங்கும். கையில் கட்டியிருந்தால் உடம்பின் உஷ்ணம் அதைக் காப்பாற்றுகிறது. அதிக நிதானம் வேண்டிய இடங்களில் கல்லைச் சிறு அடுப்பு போன்ற உறைக்குள் வைத்து ஒரே உஷ்ணத்தில் காக்கிறார்கள். கல்லுக்கு முதுமையும் உண்டு. வருஷத்துக்குப் பத்து லட்சத்தில் ஓரிரு பங்கு அது மாறிக்கொண்டே வரும்.

ஆனாலும் இதே கல்தான் 1930-களில் பெர்லின் நகரத்து ஆராய்ச்சிச் சாலையில் பூமியையே சோதனைக்கு உட்படுத்திற்று. பூமி சுழலும் வேகம் வருஷத்தில் ஒரு பருவத்துக்கும் மற்றொரு பருவத்துக்கும், நாளொன்றுக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடி என்ற அளவில் வேறுபடுவதை அங்கே ஷைபே, ஆடெல்ஸ்பெர்கர் என்ற இருவரின் குவார்ட்ஸ் கடிகாரங்கள் காட்டிக் கொடுத்தன. அதுவரை பூமியே கடிகாரம். அதைச் சோதிக்க வேறு கடிகாரம் இல்லை. 1967-ல் விநாடியின் இலக்கணம் பூமியிடமிருந்து ஸீஸியம் அணுவுக்கு மாற்றப்பட்டது. ஆயினும் அணுக் கடிகாரத்துக்குள்ளும் அன்றாட வேலையைச் செய்துகொண்டிருப்பது ஒரு குவார்ட்ஸ் ஆஸிலேட்டர்தான். அணு அதை அவ்வப்போது திருத்திக்கொண்டிருக்கிறது.

ஸிலிக்கன் சில்லிலேயே அதிரும் நுண்ணிய உறுப்புகள் இப்போது குவார்ட்ஸுடன் போட்டிக்கு வந்துள்ளன. நாளை யார் வெல்வார்கள் என்பது வேறு விஷயம். பிரேஸிலிடம் கல் இருந்தது. கல்லை வளர்க்கும் அறிவு பிறந்ததும் அதன் ஏகபோகம் மறைந்தது. ஸ்விட்ஜர்லாந்திடம் அறிவு இருந்தது. அதைத் துணிந்து தொழிலாக்காததால் லாபம் ஜப்பானுக்குப் போயிற்று. நம்மிடம் மணலுக்குக் குறைவில்லை. கற்றறிந்த இளைஞர்களுக்கும் குறைவில்லை. மணலைக் கல்லாக்கி, கல்லைக் கோணமறிந்து வெட்டி, வெட்டியதை நம் யந்திரங்களில் நாமே ஏற்றும் அறிவையும் துணிவையும் நம் சர்வகலாசாலைகளும் ஆலைகளும் சேர்ந்து வளர்க்க வேண்டும். அதைச் செய்யாத தேசம் தன் யந்திரங்களின் நாடித் துடிப்பைப் பிறரிடம் விலைக்கு வாங்கிக்கொண்டே இருக்க நேரும்.